சங்கக் கடிதம் எழுதுவதற்கு இவ்வளவு பெரிய செயற்கை நுண்ணறிவு தேவைதானா?

வினா — காவிரிக்கரை

அனைவருக்கும் வணக்கம். நான் கூட்டுறவு வங்கி ஒன்றில் முப்பத்தோர் ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்றவன். இப்போது கும்பகோணத்தில் நாங்கள் வசிக்கும் 42 வீடுகள் கொண்ட குடியிருப்பின் நலச் சங்கத்துக்குச் செயலாளராக இருக்கிறேன். சென்னையில் பணிபுரியும் என் அக்காள் மகன் சென்ற ஆண்டு வந்திருந்தபோது, சாட்ஜிபிடியின் மாதம் 1,999 ரூபாய்ச் சந்தாவை என் கைப்பேசியில் ஏற்படுத்திக் கொடுத்துவிட்டு, "மாமா, இனிமேல் கடிதம் எழுத நீங்கள் யாரையும் எதிர்பார்க்க வேண்டாம்" என்று சொல்லிச் சென்றான். அன்று முதல் மாதந்தோறும் அத்தொகை என் கணக்கிலிருந்து போய்க்கொண்டிருக்கிறது.

நான் அதைக் கொண்டு செய்கின்ற வேலைகளை மறைக்காமல் சொல்கிறேன். தெருவிளக்கு எரியவில்லை, கழிவுநீர் தேங்குகிறது என்று மாநகராட்சி ஆணையருக்குக் கடிதம் எழுதுவேன். ஆங்கிலத்தில் வரும் சுற்றறிக்கைகளை, ஆங்கிலம் வாசிக்காத குடியிருப்பாளர்களுக்காகத் தமிழாக்குவேன். செயற்குழுக் கூட்டத்தில் நான் கிறுக்கி வைத்த குறிப்புகளைத் தீர்மானங்களாக ஒழுங்குபடுத்துவேன். பராமரிப்புத் தொகை நிலுவைப் பட்டியலைக் கூட்டிப் பார்ப்பேன். நான்கு பேருக்கான சாம்பார்ப் பொடி அளவை நாற்பது பேருக்கு மாற்றித் தரும்படி என் துணைவியார் கேட்பார். ஏழாம் வகுப்பு படிக்கும் பேத்திக்கு அறிவியல் பாடத்தில் ஐயம் வந்தால் அதையும் கேட்பதுண்டு. நாள் ஒன்றுக்குப் பத்துக் கேள்விகள் வந்தால் அதிகம்.

பெங்களூரில் மென்பொருள் துறையில் இருக்கும் என் மகள் இதைக் கேட்டுவிட்டு, "சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்" என்று சிரித்தாள். ஆராய்ச்சியாளர்களும் நிரலாளர்களும் பயன்படுத்த வேண்டிய இயந்திரத்தை நான் விலாசம் எழுதப் பயன்படுத்துகிறேன் என்பது அவளுடைய கருத்து. எனக்கும் உறுத்தல் இல்லாமல் இல்லை. ஒருமுறை "சிந்தித்து விடையளிக்கும்" முறையைத் தெரியாமல் அழுத்திவிட்டு, குடிநீர் வராது என்ற மூன்று வரி அறிவிப்புக்காக அது ஏறக்குறைய ஒரு நிமிடம் சிந்தித்துக்கொண்டிருந்ததைப் பார்த்தபோது எனக்கே கூச்சமாக இருந்தது.

என்னைப் போன்றவர்களுக்கு இத்தனை ஆற்றல் தேவையற்ற ஆடம்பரமா? 'மாதிரி' என்கிறார்களே, இத்தகைய சேவைகளை உள்ளிருந்து இயக்கும் மென்பொருள், அவற்றில் சிறிய, இலவசமானவையே போதுமா? துறை அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாவேன்.

மறுமொழி 1 — நிரல்நெசவு

வணக்கம் ஐயா. என் தொழில் இத்தகைய மாதிரிகளை நிறுவனங்களின் வாடிக்கையாளர் சேவைக்குப் பொருத்திக் கொடுப்பது. ஆகவே எந்த வேலைக்கு எவ்வளவு ஆற்றல் போதும் என்ற கேள்வியை நாள்தோறும் பணக்கணக்காகவே பார்க்கிறேன். உங்கள் மகள் சொல்வதில் பெரும்பகுதி சரி.

முதலில், நீங்கள் தனியொருவர் அல்லர் என்பதை அறிந்துகொள்ளுங்கள். சாட்ஜிபிடியை மக்கள் எதற்குப் பயன்படுத்துகிறார்கள் என்று அதை உருவாக்கிய ஓப்பன்ஏஐ நிறுவனத்தினரும் பொருளியல் ஆய்வாளர்களும் சேர்ந்து 2025 செப்டம்பரில் ஓர் ஆய்வறிக்கை வெளியிட்டார்கள். அப்போது வாரந்தோறும் ஏறத்தாழ 70 கோடிப் பேர் அதைப் பயன்படுத்திவந்தார்கள். அவர்களுடைய உரையாடல்களில் முக்கால் பங்கு, நடைமுறை ஆலோசனை, தகவல் தேடல், எழுத்துப்பணி ஆகிய மூன்றுக்குள் அடங்கிவிட்டது. நிரல் எழுதுவது தொடர்பானவை 4.2 விழுக்காடு மட்டுமே. எழுத்துப்பணியிலும் மூன்றில் இரண்டு பங்கு, புதிதாக எழுதச் சொல்வது அன்று, தாம் எழுதியதைத் திருத்தவோ சுருக்கவோ மொழிபெயர்க்கவோ சொல்வது. அதாவது உலகமே சங்கக் கடிதம்தான் எழுதிக்கொண்டிருக்கிறது.

இன்னொரு செய்தி. சாட்ஜிபிடியை இயக்கும் ஜிபிடி-5 என்ற மாதிரி வெளிவந்த 2025 ஆகஸ்டில், அந்நிறுவனத்தின் தலைமைச் செயல் அலுவலர் சாம் ஆல்ட்மன் வெளியிட்ட கணக்கின்படி, அதற்கு முன்னர் கட்டணம் செலுத்தும் பிளஸ் பயனர்களிலேயே 7 விழுக்காட்டினர்தாம் சிந்திக்கும் வகை மாதிரிகளை ஒரு நாளில் பயன்படுத்தினார்கள். இலவசப் பயனர்களில் அது ஒரு விழுக்காட்டுக்கும் குறைவு. பணம் கட்டியவர்களில் பெரும்பாலோர் சாதாரண நாளொன்றில் தாம் வாங்கிய பொருளின் உச்ச ஆற்றலைத் தொடவே இல்லை என்பதே இதன் பொருள்.

இனி விலை. 2023 மார்ச்சில் ஜிபிடி-4 வந்தபோது, நிரல்வழி பயன்படுத்துவோருக்குப் பத்து லட்சம் டோக்கன் உள்ளீட்டுக்கு 30 டாலரும் வெளியீட்டுக்கு 60 டாலரும் கட்டணமாக இருந்தன. டோக்கன் என்பது மாதிரி எழுத்தை வெட்டி உண்ணும் துண்டு என்று கொள்ளுங்கள். 2024 ஜூலையில் வந்த ஜிபிடி-4ஓ மினி என்ற சிறிய மாதிரிக்கு அதே அளவுக்கு முறையே 15 சென்டும் 60 சென்டும்தான். உங்கள் நாளொன்றுக்குப் பத்துக் கேள்விகளை, ஒவ்வொன்றுக்கும் 500 டோக்கன் உள்ளீடும் 1,000 டோக்கன் விடையும் என்று தாராளமாகக் கணக்கிட்டாலும், அந்தச் சிறிய மாதிரியின் விலையில் ஒரு மாதச் செலவு இருபது ரூபாயைத் தாண்டாது. நீங்கள் கொடுப்பது 1,999. சுமைகூலிப் பழமொழி இங்கே குறைத்தே சொல்கிறது.

சிந்திக்கும் முறையைப் பற்றி: அது எளிய வேலைக்குத் தேவையற்றது மட்டுமன்று, சில நேரங்களில் கெடுதலும் செய்யும். ஆப்பிள் நிறுவன ஆய்வாளர்கள் 2025 ஜூனில் வெளியிட்ட கட்டுரையில், ஹனோய் கோபுரம் என்ற பெயரில் பலரும் அறிந்த வட்டு நகர்த்தும் புதிர் போன்றவற்றைக் கொண்டு சோதித்தார்கள். புதிர் எளிதாக இருந்தபோது சாதாரண மாதிரிகளே குறைந்த டோக்கன்களில் கூடுதல் துல்லியம் காட்டின. சிந்திக்கும் மாதிரிகளோ சரியான விடையை முதலிலேயே கண்டுபிடித்துவிட்டு, பிறகும் ஓயாமல் தவறான வழிகளைத் தேடிக்கொண்டிருந்தன. கடினமான புதிர்களைப் பற்றிய அக்கட்டுரையின் முடிவுகளைப் பலர் மறுத்தார்கள். எளிய புதிர்களைப் பற்றிய இந்தக் கண்டறிதல் என் அன்றாட அனுபவத்தோடு பொருந்துகிறது.

ஆகவே சந்தாவை நிறுத்திவிடலாம் என்பதே என் கருத்து. 2025 ஆகஸ்டில் மாதம் 399 ரூபாய்க்கு சாட்ஜிபிடியின் 'கோ' என்ற திட்டத்தை இந்தியாவில்தான் முதலில் கொண்டுவந்தார்கள். அவ்வாண்டு நவம்பர் 4 முதல் பதிவு செய்தவர்களுக்கு அதையே ஓராண்டுக்கு இலவசமாக்கினார்கள். ஏர்டெல் சந்தாதாரர்களுக்குப் பெர்ப்ளெக்சிட்டி, ஜியோ சந்தாதாரர்களுக்கு ஜெமினி என்று இதேபோன்ற பிற சேவைகளையும் அதே ஆண்டில் இலவசமாக அள்ளி வழங்கினார்கள். அன்பினால் வழங்கியதாக யாரும் எண்ண வேண்டாம். ஆனால் அருகில் இலவசம் இருக்கும்போது 1,999 எதற்கு?

மறுமொழி 2 — ஒற்று மிகும் இடம்

நிரல்நெசவு அவர்களின் கணக்கில் குறை காண எனக்குத் தகுதி இல்லை. ஆனால் அவர் ஒரு சொல்லைக் கேள்வி கேட்காமலேயே ஏற்றுக்கொண்டுவிட்டார். "எளிய வேலை" என்றால் எந்த மொழியில் எளிய வேலை?

நான் பதிப்பகங்களுக்கு மெய்ப்புத் திருத்துபவள், மொழிபெயர்ப்பும் செய்வேன். செலவைக் குறைக்கலாமே என்று எண்ணி, 400 கோடி அளபுருக்கள் (மாதிரி தான் கற்றதைப் பதிந்து வைத்திருக்கும் எண்கள்) கொண்ட, யாரும் இறக்கிக்கொள்ளக்கூடிய திறந்த மாதிரி ஒன்றை என் மடிக்கணினியில் நிறுவி மூன்று வாரங்கள் பயன்படுத்தினேன். ஆங்கிலத்தில் கேட்டால் அது நன்றாகவே எழுதியது. ஆங்கில மின்னஞ்சலைச் சுருக்கச் சொன்னால், பெரிய மாதிரி தரும் விடைக்கும் இதற்கும் வேறுபாடு காண நான் கண்ணாடியைத் துடைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. தமிழ் என்று வந்தவுடன் கதை மாறிவிட்டது. 'ஸ்டாண்டிங் கமிட்டி' என்பதை "நிற்கும் குழு" என்று எழுதியது. நிலைக்குழு என்ற சொல்லை அது அறியவில்லை. மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டி "தலைக்கு மேலுள்ள தொட்டி" ஆயிற்று. நிலுவையைச் செலுத்துங்கள் என்று வர வேண்டிய இடத்தில் "நிலுவையைத் தெளிவாக்குங்கள்" என்று வந்தது.

எல்லாவற்றுக்கும் மேலாக ஒன்று. நம் ஊர் ஆங்கிலத்தில் ஒருவர் இறந்துவிட்டதை 'எக்ஸ்பயர்ட்' என்று எழுதுவது வழக்கம் அல்லவா? அத்தகைய இரங்கல் அறிவிப்பு ஒன்றைத் தமிழாக்கச் சொன்னேன். மதிப்புக்குரிய அந்தப் பெரியவர் செவ்வாய்க்கிழமை மாலை "காலாவதியானார்" என்று அது எழுதியது. இரண்டு வரி அறிவிப்புதான். இதைவிட எளிய வேலை உலகில் உண்டா? அதைப் படித்துப் பார்க்காமல் ஒரு சங்கத்தின் அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

இது ஏன் நிகழ்கிறது என்பதற்குக் காரணம் உண்டு. மாதிரிகள் பயின்ற எழுத்தில் ஆங்கிலமே மிகுதி. தமிழ் சிறு பங்கு. பெரிய மாதிரியில் அளபுருக்கள் ஏராளம் என்பதால் அந்தச் சிறு பங்கும் அதில் ஓரளவு தங்கிவிடுகிறது. சிறிய மாதிரியில் இடம் குறைவு; இடம் குறையும்போது முதலில் உதிர்வது அரிதாகப் பார்த்தவை. அரசுக் கடிதத்தின் "பார்வையில் காணும் கடிதம்" என்ற வழக்கும், இரங்கல் அறிவிப்பின் "இயற்கை எய்தினார்" என்ற வழக்கும் அப்படித்தான் உதிர்ந்துபோகின்றன.

எழுத்தை வெட்டும் முறையும் இதில் சேரும். கணினியில் ஆங்கில எழுத்து ஒன்று ஒரு பைட்டில் அடங்கும். தமிழில் 'கி' என்ற ஓரெழுத்தை 'க' என்ற எழுத்தும் இகரக் குறியுமாகச் சேமிக்க ஆறு பைட்டுகள் ஆகின்றன. பழைய மாதிரிகள் தமிழைக் கீரையை அரிவதுபோல் பொடிப்பொடியாக வெட்டின. 2024 மே மாதம் ஜிபிடி-4ஓ வந்தபோது ஓப்பன்ஏஐ வெளியிட்ட ஒப்பீட்டில், ஒரே தமிழ்ப் பத்தி முன்பு 116 டோக்கன்களாக இருந்தது 35 ஆகக் குறைந்ததாகக் காட்டியிருந்தார்கள். ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. ஆங்கிலம் எழுதுகிறவர் சிறிய மாதிரி போதும் என்று சொல்லும்போது, அவர் தம் மொழிக்கென்றே தைக்கப்பட்ட சட்டையைப் போட்டுக்கொண்டு பேசுகிறார்.

ஆயினும் அளவு பெரிதாக இருந்தால்தான் தமிழ் வரும் என்றும் நான் சொல்ல மாட்டேன். சென்னை ஐஐடியின் ஏஐ4பாரத் குழுவினர் 2023இல் வெளியிட்ட இண்டிக்டிரான்ஸ்2 என்ற மொழிபெயர்ப்பு மாதிரியில் இருப்பவை ஏறத்தாழ 110 கோடி அளபுருக்கள் மட்டுமே. அதையே சாறு பிழிந்து 20 கோடிக்குச் சுருக்கியும் கொடுத்திருக்கிறார்கள். நான் நிறுவிய 400 கோடி மாதிரியைவிட அது பல மடங்கு சிறியது. ஆனால் அரசியலமைப்பின் எட்டாம் அட்டவணையில் உள்ள 22 இந்திய மொழிகளுக்கென்றே பயிற்றப்பட்டது. ஆங்கிலச் சுற்றறிக்கைத் தமிழாக்கத்தில் அது என்னை ஏமாற்றியது குறைவு. கவிதை எழுதச் சொன்னால் எழுதாது. மொழிபெயர்ப்பது மட்டுமே அதன் வேலை. சந்திப்பிழை பார்க்க 'நாவி', எழுத்துப்பிழை பார்க்க 'வாணி' போன்ற கருவிகள் தமிழில் இருக்கின்றன; ஒற்று மிகுமா மிகாதா என்று ஒரு மாபெரும் மாதிரியிடம் கேட்பதைவிட அவற்றிடம் கேட்பது எனக்கு நிம்மதி.

மறுமொழி 3 — பேரேடு

காவிரிக்கரை ஐயாவின் பட்டியலில் ஒன்றைப் பற்றி மட்டும் சொல்லிவிட்டுப் போகிறேன். நிலுவைப் பட்டியலைக் கூட்டுவதற்குச் சிறிய மாதிரியும் வேண்டாம், பெரிய மாதிரியும் வேண்டாம். விரிதாளில் ஒரு நெடுவரிசையைக் கூட்டினால் போதும், 42 வரிகள்தாமே. மொழி மாதிரி அடுத்து வரக்கூடிய துண்டை ஊகித்து எழுதுவதால், நீண்ட கூட்டலில் நம்பத்தகுந்த தோற்றமுள்ள தவறான தொகையைத் தர வாய்ப்புண்டு. பெரிய சேவைகள் இப்போது பல நேரங்களில் கூட்டலைத் தாமே செய்யாமல், உள்ளுக்குள் ஒரு சிறு நிரலை எழுதி இயக்கி விடையைப் பெறுகின்றன. அப்போது பெரும்பாலும் சரியான விடைதான் வரும். ஆனால் விரிதாளில் ஒரு நொடியில் முடிவதற்கு இத்தனை சுற்று.

மற்றொன்று. வீட்டு எண், உரிமையாளர் பெயர், கைப்பேசி எண், எத்தனை மாத நிலுவை என்ற பட்டியலை வெளியிலுள்ள சேவை ஒன்றில் ஏற்றுவதற்கு அந்த 42 குடும்பங்களும் ஒப்புதல் தந்தார்களா? தனிநபர் தரவுப் பாதுகாப்புக்கென்று 2023இல் சட்டமே வந்துவிட்டது. சட்டத்தை விடுங்கள், மூன்றாம் மாடிக்காரர் ஆறு மாதமாகப் பணம் கட்டவில்லை என்பது நம் குடியிருப்பைத் தாண்டிப் போக வேண்டிய செய்தி அன்று. இத்தகைய வேலைக்குத்தான், தமிழில் தடுமாறினாலும், சொந்தக் கணினியில் இணையமின்றி இயங்கும் சிறிய மாதிரி பொருத்தம். 400 கோடி அளபுருக்களை ஒவ்வொன்றும் அரை பைட் என்ற அளவுக்குச் சுருக்கினால் கோப்பு இரண்டு ஜிபியைச் சுற்றி வரும். எட்டு ஜிபி நினைவகமுள்ள பழைய மடிக்கணினியே அதைத் தாங்கும். பெயர்களை நீக்கிவிட்டுப் பெரிய சேவையில் இடுவது இன்னொரு வழி.

மறுமொழி 4 — மின்கம்பம்

உறுத்தல் மின்சாரத்தைப் பற்றியது என்றால் அதைச் சற்றுத் தணித்துக்கொள்ளலாம். ஜெமினி செயலியில் இடப்படும் எழுத்துவழிக் கேள்விகளை மின்செலவுப்படி வரிசையிட்டால் நடுவில் நிற்கும் ஒன்று 0.24 வாட் மணி மின்சாரம் எடுப்பதாகக் கூகுள் 2025 ஆகஸ்டில் கணக்குக் காட்டியது. சாட்ஜிபிடியின் சராசரிக் கேள்விக்கு 0.34 வாட் மணி என்று அதே ஆண்டு ஜூனில் ஆல்ட்மன் எழுதியிருந்தார். ஒன்பது வாட் எல்இடி விளக்கை ஒன்றரை நிமிடம் எரியவிடுவதும், எழுபத்தைந்து வாட் மின்விசிறியைப் பன்னிரண்டு நொடிகள் சுழலவிடுவதும் ஏறத்தாழ 0.24 வாட் மணிதான். நாளொன்றுக்குப் பத்துக் கேள்விகள் என்றால் இரண்டு நிமிட மின்விசிறி. ஆளில்லாத கூடத்தில் விசிறி சுழல்வதைப் பார்த்தும் நாம் எழுந்து போகாத நேரம் இதைவிட அதிகம்.

இரண்டு எச்சரிக்கைகள் உண்டு. இவை நிறுவனங்கள் தாமே சொன்ன கணக்குகள். மாதிரியைப் பயிற்றுவிக்க ஆன மின்சாரம் கூகுளின் கணக்கில் சேராது. மேலும் நடுவில் நிற்கும் கேள்வி என்பது சிறு கேள்வி. ஒரு நிமிடம் சிந்திக்கவைக்கும் கேள்வி பல மடங்கு டோக்கன்களை எழுதித் தள்ளுவதால் பல மடங்கு மின்சாரம் எடுக்கும். குடிநீர் அறிவிப்புக்குச் சிந்திக்கும் முறை வேண்டாம் என்ற அளவில் நிரல்நெசவு சொல்வதையே நானும் சொல்கிறேன்.

மறுமொழி 5 — நிரல்நெசவு

"காலாவதியானார்" என்பதைப் படித்துவிட்டு அலுவலகத்தில் சத்தமாகச் சிரித்துவிட்டேன். காரணம் கேட்டவர்களுக்கு விளக்க முடியவில்லை. ஒற்று மிகும் இடம் அம்மையாரின் மறுப்பை ஏற்கிறேன். எங்கள் வாடிக்கையாளர்களில் பெரும்பாலோர் ஆங்கிலத்தில் இயங்குபவர்கள் என்பதால் என் அளவுகோல் ஒருபக்கமாகச் சாய்ந்திருக்கிறது.

ஒரு விளக்கம் மட்டும் சேர்க்க விரும்புகிறேன். பெரிய மாதிரி என்றால் ஒவ்வொரு கேள்விக்கும் அது முழுவதுமாக இயங்குகிறது என்று எண்ண வேண்டாம். 2025 ஜனவரியில் வந்த டீப்சீக் ஆர்1 மாதிரியில் மொத்தம் 67,100 கோடி அளபுருக்கள். ஆனால் ஒவ்வொரு டோக்கனுக்கும் அவற்றில் 3,700 கோடி மட்டுமே வேலை செய்யும். கல்யாண மண்டபத்தில் நாற்பது சமையற்காரர்கள் இருந்தாலும் இந்த இலைக்குப் பரிமாற இரண்டு பேர் வருவதுபோல. ஜிபிடி-5 இன்னொரு படி மேலே போய், கேள்வியைப் பார்த்து விரைவு மாதிரிக்கு அனுப்புவதா, சிந்திக்கும் மாதிரிக்கு அனுப்புவதா என்று தானே முடிவு செய்யும் வழிப்படுத்தி ஒன்றோடு வந்தது. அதாவது இது தேவைக்கு மிஞ்சியதா என்று ஐயா கேட்கும் கேள்வியை ஒவ்வொரு முறையும் அந்த வழிப்படுத்தியே கேட்டுக்கொண்டது. வெளியிட்ட அன்றே அதில் கோளாறு ஏற்பட்டு, நாளின் ஒரு பகுதி அது இயங்காமல் போனதால் மாதிரி மந்தமாகத் தோன்றியது என்று மறுநாள் ஆல்ட்மன் தெரிவிக்க நேர்ந்தது. தேவையறிந்து ஆள் அனுப்புவது அத்தனை எளிய வேலையாக இல்லை.

மறுமொழி 6 — ஒற்று மிகும் இடம்

நீங்கள் கடைசியாகச் சொன்னதில்தான் என் முழு வாதமும் இருக்கிறது. வழிப்படுத்தி கேள்வியின் தோற்றத்தைப் பார்த்து முடிவு செய்கிறது. நாமும் அப்படித்தான் செய்கிறோம். கேள்வி சிறிதாக இருந்தால் வேலையும் சிறிது என்று எண்ணிவிடுகிறோம். "இந்த இரண்டு மாத்திரைகளையும் சேர்த்து உண்ணலாமா" என்பது ஒரு வரிக் கேள்வி. "இந்த ஒப்பந்தத்தில் கையொப்பம் இடலாமா" என்பது அதைவிடச் சிறியது. "குவாண்டம் இயற்பியலை விளக்குக" என்பது மிரட்டும் தோற்றமுடையது, ஆனால் எந்தச் சிறிய மாதிரியும் அதற்குப் பாடநூல் போல விடை எழுதிவிடும். தவறாக எழுதினாலும் பேத்தியின் ஆசிரியர் திருத்திவிடுவார்.

ஆகவே நான் வேலையின் கடினத்தைப் பார்ப்பதில்லை. விடை தவறாக வந்தால் அதை என்னால் கண்டுபிடிக்க முடியுமா என்று பார்க்கிறேன். தமிழ்க் கடிதத்தில் பிழை வந்தால் என் கண்ணுக்குத் தப்பாது. ஆகவே அதற்கு இலவச மாதிரி தரும் வரைவே போதும், நான் திருத்திக்கொள்வேன். எனக்குத் தெரியாத துறையில், திருத்தும் தகுதி எனக்கில்லாத இடத்தில், கிடைப்பவற்றுள் வலியதைத் தேடுகிறேன். அப்போதும் மருந்துக் கேள்விக்கு மருந்தாளுநரிடமே போகிறேன்.

வலியதும் ஏமாற்றும் என்பதையும் சொல்லியாக வேண்டும். நகராட்சிக்கு எழுதிய முறையீடு ஒன்றைச் செம்மைப்படுத்தச் சொன்னபோது, பெரிய மாதிரி ஒன்று நான் கேட்காமலேயே 1998ஆம் ஆண்டின் தமிழ்நாடு நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டத்திலிருந்து ஒரு பிரிவு எண்ணைச் சேர்த்துக் கொடுத்தது. கடிதத்துக்கு அது கம்பீரமாகத்தான் இருந்தது. சட்ட நூலை எடுத்துப் பார்த்தால் அந்தப் பிரிவு வேறெதையோ பற்றிப் பேசியது. சிறிய மாதிரியின் தவறு "காலாவதியானார்" என்று பல்லிளித்துக்கொண்டு நிற்கும். பெரிய மாதிரியின் தவறோ வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு நம்மோடு சேர்ந்து அலுவலகத்துக்குள் நடந்து வரும்.

மறுமொழி 7 — காவிரிக்கரை

மறுமொழி எழுதிய அனைவருக்கும் நன்றி. பத்து நாள்கள் கழித்து எழுதுகிறேன். இடையில் நீங்கள் சொன்னவற்றைச் சோதித்துப் பார்த்தேன். பேத்தியின் கைப்பேசியில் கட்டணமில்லாத சேவையையும், என் கைப்பேசியில் சந்தா சேவையையும் வைத்துக்கொண்டு ஒரே வேலையை இரண்டிலும் கொடுத்தேன்.

தெருவிளக்குக் கடிதத்தில் எனக்கு வேறுபாடு தெரியவில்லை. இரண்டுமே அனுப்புநர், பெறுநர், பொருள் என்று முறையாக எழுதின, இரண்டுமே தேவைக்கு மேல் பணிவு காட்டின. சாம்பார்ப் பொடி அளவும் ஒன்றே. பெருங்காயத்தைப் பத்து மடங்காக்கக் கூடாது என்று இரண்டுமே சொல்லவில்லை, அதை என் துணைவியார்தாம் சொன்னார். கூட்டக் குறிப்பில் இலவசச் சேவை ஒரு தீர்மானத்தை விட்டுவிட்டது. நான் கூட்டத்தில் இருந்தவன் என்பதால் உடனே தெரிந்துவிட்டது. பேரேடு அவர்கள் கண்டித்த நிலுவைப் பட்டியலை விரிதாளுக்கு மாற்றிவிட்டேன். முப்பத்தோர் ஆண்டுகள் வங்கியில் கூட்டியவன் கூட்டலுக்கு இயந்திரத்திடம் போனது எனக்கே புரியாத செயல்தான்.

வேறுபாடு தெரிந்த இடம் ஒன்றே ஒன்று. மின்தூக்கிப் பராமரிப்புக்கு ஒரு நிறுவனத்தோடு நாங்கள் செய்துகொண்ட ஒப்பந்தம் பதினான்கு பக்க ஆங்கிலம். பெயர்களையும் கையொப்பப் பக்கத்தையும் நீக்கிவிட்டு, எந்தெந்தச் செலவுகள் எங்கள் தலையில் விழும் என்று இரண்டிலும் கேட்டேன். இலவசச் சேவை உடனே ஒரு நல்ல சுருக்கம் தந்தது. அனைத்துப் பழுதுகளும் ஆண்டுக் கட்டணத்தில் அடங்கும் என்றது. சந்தாவின் சிந்திக்கும் முறை இரண்டு நிமிடங்களுக்கு மேல் எடுத்துக்கொண்டு, முதல் பக்கத்தில் "அனைத்தும்" என்று இருந்தாலும், பதினோராம் பக்கத்து இணைப்பில் கம்பிவடமும் கதவு உணரியும் விலக்கப்பட்டிருப்பதைச் சுட்டிக்காட்டியது. நான் எடுத்துப் பார்த்தேன், அப்படியே இருந்தது. இந்த ஒப்பந்தத்தில் மூன்று ஆண்டுகளாகக் கையொப்பம் இட்டுவருபவன் நான்தான்.

சென்ற ஞாயிறு செயற்குழுவில் இதை வைத்தேன். வடத்தை மாற்ற என்ன செலவாகும் என்று அந்நிறுவனத்திடம் கேட்டு எழுதுவதென்று தீர்மானித்திருக்கிறோம். கடிதத்தை இலவசச் சேவையில் எழுதி, நானே இரண்டு இடங்களில் திருத்தினேன்.

சந்தா இம்மாதம் 23ஆம் தேதியோடு முடிகிறது, நீட்டிக்கப்போவதில்லை. பராமரிப்பு ஒப்பந்தம் மார்ச்சில் புதுப்பிக்க வருகிறது, காப்பீட்டுப் பத்திரமும் அதே மாதம். அப்போது ஒரு மாதத்துக்கு மட்டும் மீண்டும் பணம் கட்டிக்கொள்ளலாம் என்று இருக்கிறேன். மகளிடம் சொல்லிவிட்டேன், சந்தா ஏற்படுத்திக் கொடுத்த மருமகனிடம் இன்னும் சொல்லவில்லை.